துணிவுச் செம்மல் தவழ்ந்து ஏறிய குன்று

வாசகரே, உங்களை நான் நடுவராக அழைக்கவில்லை. நடுவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இரு பக்கமும் தலையாட்டுவார்கள், நாம் சிகரத்தை எட்டும் நேரம் பார்த்து மணியடிப்பார்கள். எனக்கு வேண்டியது ஒரு சாட்சி. நான் சொல்வதைக் கேளுங்கள், கேட்டதை மறக்காமல் இருங்கள், பின்னாளில் நான் வேறு விதமாகச் சொன்னால் எழுந்து நின்று மறுத்துச் சொல்லுங்கள். அதற்கான தேவை ஏற்படும் என்பதை என் குணமறிந்து முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

என் ஊர் மன்னார்குடி. தண்ணீரே எந்தப் பக்கம் ஓடலாம் என்று சற்று நின்று யோசிக்கும் அளவுக்குத் தட்டையான பூமி. அங்கே உயரமானவை கோபுரமும் குடிநீர்த் தொட்டியும்தான். இரண்டின் மேலும் ஏறும்படி என்னை யாரும் வற்புறுத்தியதில்லை. மொட்டை மாடியில் கொடித் துணியை எடுத்துவரச் சொன்னால், தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்பேன். திருவிழா ராட்டினத்துக்கு நண்பர்கள் இழுத்தால், அது உழைக்கும் மக்களின் காசைச் சுழற்றிப் பறிக்கும் பொறி என்று விளக்குவேன். என் விளக்கங்கள் ஒவ்வொன்றும் கைத்தட்டல் பெற்றன. ஆகவே, நான் வாழ்வில் ஏறியவற்றுள் மிக உயரமானது பட்டிமன்ற மேடை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அந்த மேடைதான் என்னைத் திருக்கழுக்குன்றத்துக்கு அழைத்தது. தலைப்பு: மனிதனை வாழவைப்பது துணிவா, அச்சமா? நான் துணிவு அணித் தலைவர்.

முதல் நாள் காலை செங்கல்பட்டில் இறங்கி, நிலையத்துக்கு எதிரே இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். மாலையில் விற்காத வடை மறுநாள் காலையில் பதவி உயர்வு பெற்று வடகறி ஆகிறது என்றே எங்கள் ஊரில் சந்தேகிப்போம். ஆனால் இங்கே அதை வேண்டுமென்றே, புதிதாக, பெருமையோடு செய்கிறார்கள். இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். பரிமாறியவர் என் வெள்ளை வேட்டியையும் கரை போட்ட துண்டையும் பார்த்துவிட்டு, “எந்தக் கட்சிண்ணா?” என்றார். “தமிழ்” என்றேன். அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

பேருந்தில் அமர்ந்ததும் கண்களை மூடி உரையை ஒத்திகை பார்க்கத் தொடங்கினேன். எங்கள் பயிற்சியில் இது முக்கியம்: உதடு அசைய வேண்டும், ஒலி வரக்கூடாது. முடிவுரையின் மூன்றாம் ஏற்றத்தில் நான் கண் திறந்தபோது சன்னலுக்கு வெளியே கடல் இருந்தது.

“திருக்கழுக்குன்றம் வரவில்லையா?” என்று நடத்துநரைக் கேட்டேன்.

“அது எப்பவோ பூட்ச்சே சார். இது சதுரங்கப்பட்டினம். நீ கண்ண மூடி மந்திரம் சொல்லிகினு இருந்தியா, சரி, சாமி கும்புடறவர எதுக்கு உசுப்பணும்னு வுட்டுட்டேன்.”

என்னைப் பக்திமான் என்று ஒருவர் தவறாக எண்ணியது அன்றுதான் முதல் முறை. அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

கைப்பேசியில் எட்டியப்பனை அழைத்தேன். அவர் திருக்கழுக்குன்றத்தில் டயர் கடை வைத்திருப்பவர். உள்ளூர் இலக்கிய மன்றத்தின் செயலாளர், பொருளாளர், ஒலிபெருக்கி ஏற்பாட்டாளர் ஆகிய மூன்றும் அவரே.

“இன்னா நைனா, எங்க கீற?”

“சதுரங்கப்பட்டினத்தில் இருக்கிறேன் ஐயா. பேருந்து என்னைக் கடந்து சென்றுவிட்டது.”

“பஸ்ஸு எங்க ஒன்ன கடந்துச்சி, நீதான் ஊர கடந்துட்ட. அங்கியே நில்லு, வண்டி எடுத்துகினு வந்துகினே கீறேன்.”

அவர் வருவதற்குள் டச்சுக்காரர்கள் விட்டுச் சென்ற கோட்டையைப் பார்த்தேன். செங்கல் மதில்மேல் சிலர் ஏறி நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். காவலாளி என்னையும் மேலே போகச் சொன்னார். வரலாற்றின் தலைமீது நடப்பது என் பண்பாடன்று என்றேன். அவர் என்னை மரியாதையுடன் பார்த்தார். பார்த்தீர்களா, விளக்கம் எப்படி வேலை செய்கிறது?

மாலை, குன்றின் அடிவாரத் தெருவில் மேடை. அச்சத்தின் அணியில் தலைவராகப் பேச வந்தவர் ரேவதி. கல்பாக்கம் குடியிருப்பில் வளர்ந்தவர், சிறுசேரியில் கணினி அலுவலகத்தில் வேலை. அலுவலக வண்டியிலிருந்து நேராக இறங்கி, முதுகில் ஆரஞ்சு நிறப் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக மேடையேறினார். அவருடைய கருத்துகள் நன்றாகவே இருந்தன. சாலையைக் கடக்குமுன் இருபுறமும் பார்க்கவைப்பது அச்சம், மருந்துச் சீட்டை இரண்டாம் முறை படிக்கவைப்பது அச்சம் என்று எளிமையாகச் சொன்னார். ஆனால் கையிலிருந்த தாள் படபடவென்று நடுங்கியது. அந்த ஓசையை ஒலிபெருக்கி ஊருக்கெல்லாம் கேட்கச் செய்தது.

எதிரணியின் தாள் நடுங்கினால் அதைப் பயன்படுத்தாதவன் பேச்சாளன் அல்லன். “அவையோரே, அச்சம் மனிதனை வாழவைக்கிறதாம்! ஒரு தாளைக்கூட அமைதியாக வாழவிடாத அச்சம், மனிதனையா வாழவைக்கும்?” என்றேன். தெருவே அதிர்ந்தது. ரேவதியும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அடுத்து நேர்ந்தது தொழில்முறை விபத்து. முடிவுரையில் வலக்கை நீள வேண்டும், நீண்ட கை எதையாவது சுட்ட வேண்டும் என்பது எங்கள் பயிற்சி. மேடையமைத்தவர்கள் என் வலப்பக்கம் குன்று வரும்படி அமைத்தது என் குற்றமன்று. “அதோ! அந்தக் குன்றைப் பாருங்கள்! நாளைக் காலை அதன் உச்சியில் ஏறி நிற்பேன்! கீழே விரியும் உலகைக் கண்கொட்டாமல் நோக்குவேன்! துணிவே வெல்க என்று முழங்குவேன்!” என்றேன். எங்கள் ஊர் மேடையாக இருந்தால் கை வயலைச் சுட்டியிருக்கும். நாளைக் காலை நாற்று நடுவேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

எட்டியப்பன் ஒலிவாங்கியைப் பறித்தார். “கேட்டுக்கினீங்களா? மன்னார்குடி கதிரவன் தம்பி சொல்லிட்டாரு! நாளைக்கு மலை ஏறறாரு! நாளான்னிக்கு மகாபலிபுரத்துல நம்ம பாராட்டு விழாவுல தம்பிக்கு ‘துணிவுச் செம்மல்’ பட்டம்!” பிறகு ரேவதியின் பக்கம் திரும்பினார். “யம்மா, நீ கூட போய்ட்டு வந்து சாட்சி சொல்லு. எதிர்க்கட்சிதான் சாட்சி சொல்லணும், இல்லாங்காட்டி இவங்க கப்சா வுடுவாங்க.”

பட்டம் பெற்ற பேச்சாளருக்கு அடுத்த மாவட்டம் அழைப்பு அனுப்பும். ஏறாமல் ஓடிய பேச்சாளரின் கதையோ அழைப்பில்லாமலே எல்லா மாவட்டங்களுக்கும் போகும். அன்று உறங்கினேன் என்று சொன்னால் நீங்கள் சாட்சியாக எழுந்து அதை மறுக்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலை எட்டியப்பன், “நாஸ்தா துன்னியா?” என்றார். துன்னவில்லை. படிகளின் தொடக்கத்தில் நின்று ஒரு கடைசி முயற்சி செய்தேன். இந்தக் குன்று கழுகுகளுக்கு உரியது, அவற்றின் அமைதியைக் குலைப்பது முறையா என்று கேட்டேன்.

“கழுகு வர்றத நிறுத்தி எவ்ளோ காலமாச்சி நைனா! றெக்க கீறதே மேல வர மாட்டேன்னுச்சி, ஒனக்கு இன்னா, காலு கீது, ஏறு!” என்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போனார்.

தொடக்கத்தில் படிகளின் இருபுறமும் மரங்கள். கற்படிகள் அகலமானவை. உற்சாகமாக ஏறினேன்; ஏறிக்கொண்டே பல்லவர் காலத்துப் பாறைக் கலை குறித்து ரேவதிக்கு உரையாற்றினேன். அவர் “ம்” கொட்டிக்கொண்டு முன்னே நடந்தார். பிறகு, முன்னறிவிப்பு ஏதுமின்றி, மரங்கள் முடிந்துவிட்டன. இடப்பக்கம் என்று இதுவரை நான் நம்பியிருந்த ஒரு பக்கம் இல்லாமல் போயிற்று. அங்கே வெறும் காற்று இருந்தது. காற்றுக்கு அடியில், யாரோ மறந்து வைத்த தட்டைப் போலத் தெப்பக்குளம் தெரிந்தது.

உரை நடுவாக்கியத்தில் நின்றது. என் முழங்கால்கள் தனிக்கட்சி தொடங்கின. காதுக்குள் ஒரு பெரிய கூட்டம் கலைந்தோடியது. உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் காற்று இன்னும் அருகில் வந்தது. இரு கைகளையும் மேற்படியில் ஊன்றிக் கல்லை மட்டும் பார்த்தேன். கல் நல்ல கல். அதை விட்டுப் பிரிய மனமில்லாமல், அப்படியே முழங்காலை ஒரு படி மேலே வைத்தேன்.

“தலைவரே, உயிரோட இருக்கீங்களா?” என்றார் ரேவதி.

“எதிரணியின் கேள்விக்குக் கீழே போய்ப் பதில் சொல்கிறேன்.”

“இப்பவே கீழ போலாமே. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

கீழே என்ற சொல்லைக் கேட்டதும் கீழே பார்த்தேன். அது தவறு. இறங்குவதைவிட ஏறுவதே பாதுகாப்பு என்று என் உடல் தீர்மானித்துவிட்டது. ஏறுபவனுக்குக் கண்முன் கல் இருக்கிறது, இறங்குபவனுக்கு என்ன இருக்கிறது? டோலி தூக்கும் இருவர் எதிரே வந்து, “சார், குந்திக்கினா இட்டுகினு பூடுவோம்” என்றார்கள். கம்பத்தில் தொங்கி ஆடும் நாற்காலியைப் பார்த்தேன். உயரம் போதாதென்று ஊஞ்சலுமா? தவழ்ந்து தொடர்ந்தேன்.

அப்போதுதான் ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று எங்களை எட்டியது. பெண்கள் படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தார்கள். என்னைக் கண்டதும் நின்றார்கள். தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். கல்பாக்கம் குடியிருப்பில் அடுத்த வீட்டுக்காரர்களிடம் தெலுங்கு கற்ற ரேவதி, சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கு மொழிபெயர்த்தார்:

“சின்னப் பையன், பாவம், எவ்வளவு பெரிய கஷ்டமோ, திருப்பதியில ஏறுற மாதிரி முழங்காலாலேயே ஏறி வேண்டுதலை நிறைவேத்துறான்னு சொல்றாங்க.”

மறுத்துச் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் மூத்த அம்மையார் என் நெற்றியில் குங்குமம் இட்டுவிட்டார். இன்னொருவர் கைகூப்பினார். பயத்தில் நான் கண்களை இறுக மூடினேன். அது பக்தியின் உச்சமாகத் தெரிந்திருக்க வேண்டும், ஒரு பெரியவர் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் அருகே இரண்டு வாழைப்பழம் வைத்தார்கள். குரங்கு ஒன்று வந்து நிதானமாக உரித்துத் தின்றது. கல்லிலிருந்து கையை எடுக்க முடியாத நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் கருணை என்றார்களாம்.

வாசகரே, கைத்தட்டலுக்குப் பழகியவன் நான். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. மீதிப் படிகளைச் சற்று மெதுவாகவே ஏறினேன்.

உச்சியில் கோயில் தூணொன்றைக் கட்டிக்கொண்டேன். உச்சிக் காட்சியை வர்ணிப்பது பயணக் கட்டுரையாளன் கடமை. ஆகவே ரேவதி சொன்னதை நம்பி எழுதுகிறேன்: ஏரிகள் கண்ணாடித் துண்டுகளாக மின்னின, தொலைவில் கல்பாக்கத்து அணு உலையின் குவிமாடங்களும் அதற்கப்பால் ஒரு கோடாகக் கடலும் தெரிந்தன. எனக்குத் தெரிந்தது தூண். “துணிவே வெல்க” என்று அதனிடம் சொன்னேன். முழங்கவில்லை, தூண் காதுக்கு அருகில் இருந்தது.

இறங்குவதற்கு அங்கே வேறு பாதை, பாறையைக் குடைந்த மண்டபத்தின் வழியாக. முழங்காலால் இறங்கும் வேண்டுதல் எந்தச் சாமிக்கும் கிடையாது. முதல் படியில் நின்றபோது என் மேடைத் தமிழ் முழுவதும் என்னைக் கைவிட்டது.

“அக்கா, போவாதீங்க, கையக் குடுங்க, சத்தியமா வுழுந்துருவேன் அக்கா!”

ரேவதி இரண்டு படி மேலே ஏறி வந்தார். “அந்தப் பக்கம் பாக்காதீங்க. என் பையைப் பாருங்க. அதுல ஒரு ஜிப் இருக்கு, அத மட்டும் பாருங்க. நான் மேடையில அப்படித்தான் பண்ணேன். மொத வரிசையில ஒருத்தர் சட்டைப் பட்டனையே பாத்துப் பேசிட்டேன்.”

“அப்படியும் தாள் நடுங்கியதே?”

“நடுங்கும். அது பாட்டுக்கு நடுங்கட்டும், நான் பாட்டுக்குப் பேசிட்டு எறங்கிட்டேன். உங்க கால் நடுங்குது, நடுங்கட்டும். வாங்க.”

பாறை மண்டபத்தின் சிறப்பைக் கேட்காதீர்கள். அந்த ஆரஞ்சுப் பையின் ஜிப்பில் மூன்றாவது பல் உடைந்திருக்கிறது. நான் இறங்கிய பாதையைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

கீழே எட்டியப்பன் மாலையோடு நின்றார். தெலுங்குக் குடும்பம் எங்களுக்கு முன்பே இறங்கித் தேங்காய்க் கடையில் சொல்ல, கடைக்காரர் டயர் கடையில் சொல்ல, செய்தி முதிர்ந்திருந்தது. “தமிழுக்கு வேண்டிக்கினு முட்டி போட்டே ஏறினியாமே நைனா! சொல்லவே இல்ல!” என்று கண்கலங்கினார். ரேவதி என்னைப் பார்த்தார். நான் மாலைக்குக் கழுத்தை நீட்டினேன்.

மூன்றாம் நாள் மாமல்லபுரம். உளியோசை, வெளிநாட்டவர், வஞ்சிரம் வறுவலின் மணம். எங்கள் ஊரில் மீன் குழம்பு என்றால் ஆற்று மீன், அதுவும் முள்ளோடு வாதிட்டுத்தான் தின்ன வேண்டும். இங்கே ஒரே நடுமுள், எதிர்வாதமே இல்லை. சரிவில் உருளாமல் அமர்ந்திருக்கும் அந்தப் பெரிய உருண்டைக் கல்லின் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன. துணிவுக்குப் பட்டம் என்றால் அதற்குத்தான் கொடுத்திருக்க வேண்டும், அல்லது ஆடுகளுக்கு. கலங்கரை விளக்கத்தில் ஏறலாமா என்று எட்டியப்பன் கேட்டார். நேர்த்திக்கடன் முடித்தவன் மூன்று நாள் உயரம் ஏறக்கூடாது என்றேன். ஒப்புக்கொண்டார். என் விளக்கங்களின் கையிருப்பு இன்னும் தீரவில்லை.

மாலை, கல்யாண மண்டபத்தில் விழா. பேருந்தில் வரும்போதே ஏற்புரையைக் கட்டிவிட்டேன்: முழங்கால், முழக்கம், முத்தமிழ் என்று அடுக்கு வைத்து. எட்டியப்பன் என் வேண்டுதலைப் பற்றி உருக்கமாகப் பேசி, சாட்சியை அழைத்தார். ரேவதி எழுந்தார். “ஏறினார். நான் பார்த்தேன்” என்றார். உட்கார்ந்துவிட்டார். அதைவிடச் சிறிய, அதைவிட உண்மையான சாட்சியத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

நான் ஒலிவாங்கியைப் பிடித்தபோது முன்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து மேடையருகே வந்தார். சதுரங்கப்பட்டினத்தில் மீன் விற்கும் முனியம்மா. ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார்.

“நைனா, நீ முட்டி போட்டு ஏறினன்னு சொன்னாங்க. எனக்கு இந்த முட்டி ரெண்டு வருசமா பேஜாரு, குந்துனா ஏந்திரிக்க முடியல. வர்ற வெள்ளிக்கெழம நானும் ஒன்ன மாதிரி முட்டியாலியே ஏறப்போறேன். மலைல இருந்து துண்ணூறு இருந்தா கொஞ்சம் குடு.”

அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். மண்டபம் கைதட்டியது. என் ஏற்புரையின் முதல் வாக்கியம் நாவின் நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் வீங்கிய முழங்காலைக் கல்லில் ஊன்றியிருப்பார். என் கையிலிருந்த அழைப்பிதழ் படபடவென்று நடுங்கியது. ஒலிவாங்கி அதை எல்லோருக்கும் கேட்கச் செய்தது. முன்வரிசையில் ஒரு சட்டைப் பட்டனைத் தேடிப் பிடித்தேன்.

“அம்மா, நான் வேண்டிக்கொள்ளவில்லை,” என்றேன். “பயந்தேன். உயரம் என்றால் எனக்குப் பயம். நிற்க முடியாமல்தான் தவழ்ந்தேன். நீங்கள் அப்படி ஏறாதீர்கள்.”

முனியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பயந்துகினா ஏறுன? அத்த நேத்தே சொல்றதுக்கு இன்னா? நான் எம் பொண்ணுகிட்ட முட்டிக்குக் கட்ட துணிலாம் கிழிச்சி வெக்கச் சொல்லிட்டேன்.” திரும்பி நடந்தவர் பாதியில் நின்றார். “டோலிக்காரன் இன்னும் கீறானா?”

“இருக்கிறார் அம்மா.”

“அப்ப டோலில போறேன்.”

முதலில் சிரித்தது ரேவதி, இம்முறை தாமதமில்லை. பிறகு மண்டபம். எட்டியப்பன் மட்டும் கேடயத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தலையில் கைவைத்தார். “பட்டம் அடிச்சிட்டேனே நைனா! ‘துணிவுச் செம்மல்’னு பித்தளைல அடிச்சி வெச்சிகினு கீறேன், இப்ப இத்த இன்னா பண்றது?”

ரேவதியிடம் கொடுங்கள் என்றேன். மனமாரத்தான் சொன்னேன். “அய்யோ வேணாம், மறுபடியும் மேடை ஏறணும்” என்று அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையாட்டினார்.

“சரி, பேரு அடிக்கல,” என்று எட்டியப்பன் கேடயத்தைத் துண்டில் சுற்றினார். “அடுத்த வருசத்துக்கு ஆவும். நைனா, மைக்க குடுத்துட்டு எறங்கு, இட்லி ஆறுது.”

இறங்கவில்லை. ஒலிவாங்கி இன்னும் என் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எதையாவது சூளுரைக்காமல் இறங்க எனக்குத் தெரியாது. வலக்கை தானாக நீளப் பார்த்தது. அதை இடக்கையால் பிடித்துக்கொண்டு, முனியம்மா, ரேவதி, எட்டியப்பன், மண்டபத்தார் அனைவரும் கேட்க, உரத்துச் சொன்னேன்:

“அடுத்த ஆண்டும் வருவேன். அச்சத்தின் அணியில் பேசுவேன். பேசுவதற்கு முன் அந்தக் குன்றில் ஏறுவேன், நான்கு காலில்தான் ஏறுவேன். என்ன வேண்டுதல் தம்பி என்று யார் கேட்டாலும், வேண்டுதல் இல்லை, பயம் என்று சொல்லிவிட்டு அடுத்த படியில் கை வைப்பேன்.”